வா, உட்கார், போ

என் மருமகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் அதற்குச் சொன்னது பாதிப் பொய். முழுப் பொய்யாகச் சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பாள், திருத்தியிருப்பாள். பாதிப் பொய் உண்மை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இரண்டரை வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் உறைந்து வலது பக்கம் விழுந்துபோயிற்று. பேச்சும் அதோடு போயிற்று. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் மகனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான். புரை ஏறினால் தொண்டையில் இருப்பதை உறிஞ்சி எடுக்க ஓர் இயந்திரம் வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் மருமகள்தான். அதை நான் மறக்கவில்லை. யோசனை சரியா தப்பா என்பது வேறு. சரியான யோசனை சொல்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

சேர்த்த முதல் வாரமே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. என் மனைவி யார் கையாலும் சாப்பிட மாட்டாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். நான் எதிரில் உட்கார்ந்து என் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள். அவ்வளவுதான் வித்தை. காலையிலும் சாயங்காலமும் அங்கே இருக்கிறவர்கள் மல்லுக்கட்டி இரண்டு மூன்று வாய் கொடுப்பார்கள். மதியம் நான் போய் இருபது ஸ்பூன் ஊட்டிவிட்டு வருவேன். அந்த இருபதில்தான் அவள் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் 'பார்வையாளர்கள் உணவு ஊட்டக் கூடாது' என்று ஓர் அட்டை தொங்கும். எப்போதோ ஒருத்தர் தன் தகப்பனாருக்கு ரொட்டித் துண்டைத் திணித்துப் பெரிய ரகளையாகி, அதற்கப்புறம் மாட்டியது. மேட்ரன் கண்டிப்பானவள், ஆனால் கல் இல்லை. நான் உள்ளே நுழையும்போது அவளுக்கு ஜன்னல் பக்கமாக ஏதாவது வேலை வந்துவிடும். அட்டை அதன் பாட்டுக்குத் தொங்கியது, நான் என் பாட்டுக்கு ஊட்டினேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

இனி மருமகள் கதை. செருப்புக் கடையில் நின்று விற்றுக்கொண்டிருந்தவள். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். இவள் ஆறு மாத வகுப்பு ஒன்றில் சேர்ந்து கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். நான் நம்பவில்லை. ஆறு மாதத்தில் குழாய்க்கு மரை போடவே கை வராது. நாற்பத்தோரு வருடம் கட்டடங்களுக்குக் குழாய் வேலை செய்தவன் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படிப்பாள். ஒருநாள் "ஒரு கிளாஸ்ல இருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேணும்னாலும் எடுக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தொண்டை வறண்டுபோய்க் கேட்கிறாளாக்கும் என்று ஒரு கிளாஸைக் கழுவித் தண்ணீர் பிடித்து முன்னால் வைத்தேன்.

"என்ன மாமா இது?"

"கிளாஸ். எடுத்துக்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவளே சமாதானமாகச் சொன்னாள்.

"இது குடிக்கிற கிளாஸ் இல்ல மாமா. கட்டடத்துக்கு பிளான் இருக்குல்ல, அது மாதிரி. பிளான்ல நின்னு யாரும் குளிக்க முடியாது. அதைப் பார்த்துக் கட்டுற பாத்ரூம்லதான் குளிக்கலாம். பிளான்தான் கிளாஸ். பாத்ரூம் ஆப்ஜெக்ட்."

அது எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், நாற்பது வீட்டுக் கதையைச் சொன்னேன். ஒரே மாதிரி நாற்பது வீடு. பிளான் போட்ட புண்ணியவான் குளியலறையில் தண்ணீர் போகிற துளையை மேட்டுப் பக்கம் வரைந்துவைத்தான். வரைந்தபடி போடு என்றார்கள், போட்டோம். நாற்பதிலும் தண்ணீர் மூலையில் நின்றது. நாற்பதையும் ஒவ்வொன்றாக உடைத்தது நான்.

"உங்க கிளாஸ்ல தப்பு வந்தா?" என்றேன்.

"அதுல இருந்து செஞ்ச எல்லாத்துலயும் வரும்."

"உடைக்கிறது யாரு?"

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். பாடத்தில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

ஆப்ஜெக்ட் என்றால் இரண்டு சமாச்சாரம் பார்க்க வேண்டுமாம். அதனிடம் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும். செய்கிற வேலைக்கு மெத்தட் என்று பெயர். பழகுவதற்காக என்னை வைத்தே ஒன்று எழுதினாள். வயது எழுபத்தொன்று, தொழில் குழாய், முடி இல்லை. செய்யக்கூடியவை: முறைத்துப் பார், குறை சொல், குறட்டை விடு. "மத்ததை எல்லாம் நாம கூப்பிட்டாத்தான் ஓடும் மாமா. குறை சொல் மட்டும் கூப்பிடாமலே ஓடுது, அது எப்படின்னு சார்கிட்ட கேக்கணும்" என்றாள். வாய்த் துடுக்குக்குக் குறைச்சல் இல்லை.

"இந்தப் பட்டியல்ல இல்லாததைச் செய்யச் சொன்னா?"

"செய்யாது மாமா. எனக்கு அப்படி ஒண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னுடும்."

இதைச் சொல்லும்போது அவள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தோலைத் தின்றுகொண்டிருந்தேன். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்து ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனிக்கு வந்த வேலை என் மனைவி இருக்கிற இல்லத்துக்கு. கதவு, அடையாள அட்டை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் கொண்டுவருவது. தெரிந்த இடம் என்பதால் இவளிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். பார்வையாளர் என்கிற கிளாஸ். அவள் முதல்முதலாகத் தனியாக எழுதுவது.

நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, இல்லத்துக்குப் பார்க்க வர்றவங்க அங்க என்னென்ன செய்வாங்க?"

என் புத்தி எங்கே போயிற்று என்றால், சாப்பாட்டுக் கூடத்து வாசல் அட்டைக்குப் போயிற்று. இவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு இல்லம் பணம் கொடுக்கிறது. நான் வாயைத் திறந்து ஊட்டுகிறேன் என்று சொன்னால் அது நோட்டில் ஏறும், நோட்டில் ஏறியது மேலே போகும், மேலே இருக்கிறவன் மேட்ரனைக் கூப்பிட்டு ஜன்னலில் உனக்கு என்ன வேலை என்று கேட்பான். இல்லத்தில் சேர்க்கச் சொன்னவள்தானே, இப்போது வேவு பார்க்க வந்துவிட்டாள் என்றும் நினைத்தேன். மறைப்பானேன்.

"வருவோம். உட்காருவோம். போவோம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, வந்து டான்ஸா ஆடுவாங்க?"

எழுதிக்கொண்டாள். வா, உட்கார், போ. மூன்று மெத்தட். அழகாக அடிக்கோடு வேறு போட்டாள்.

புதிய ஏற்பாடு வந்த அன்று வாசலில் எனக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். பெரிய கதவில் காட்டினேன், திறந்தது. வரவேற்புக் கூடத்துக் கதவு, திறந்தது. தோட்டத்துக் கதவுகூடத் திறந்தது. சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்து ஒரு சத்தம், பல்லுக்கு நடுவில் காற்றை இழுக்கிற மாதிரி. மறுபடியும் காட்டினேன். அட்டையைச் சட்டையில் துடைத்துக் காட்டினேன். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்குள்ளே என் மனைவி சக்கர நாற்காலியில் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டு கொண்டுவருகிற அம்மாள் ஸ்பூனை நீட்டிக்கொண்டிருந்தாள். இவள் உதடு தைத்துவைத்த மாதிரி இருந்தது.

நல்ல மனசுக்காரி தட்டுக்காரம்மா. என்னைப் பார்த்து எழுந்து வந்து தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்தாள். ஓர் அட்டைக்கு இரண்டு ஆள் நுழைந்ததும் கூரையிலிருந்து மணி அலறியது. கூடத்தில் இருந்த கிழடுகள் எல்லாம் பயந்துபோய், ஒருவர் தட்டைத் தரையில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே தட்டுக்காரம்மாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போகும். அப்புறம் நான் அவளை வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டியிருந்தால் செய்திருப்பாள், அதுதான் பயம்.

மேட்ரனிடம் போனேன். இப்போது பார்ப்பதற்கு அவளுக்கு ஜன்னல் இல்லை, கம்ப்யூட்டர் திரைதான் இருந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் மனைவி பெயருக்கு நேரே 'ஊட்டியவர்' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் ஊழியர்கள் பெயர் மட்டும் வரிசையாக விழுகிறது. யாராவது ஒருவரைத் தொடாமல் தட்டு சமையலறையை விட்டு நகராது.

"ஐயா, முன்னல்லாம் நான் பார்க்காத மாதிரி இருந்துடுவேன். இது அப்படி இருக்க மாட்டேங்குது" என்றாள். கண்கூடக் கலங்கிற்று. அதை வைத்து என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து மருமகள் மேல் பாய்ந்தேன். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. "பார்வையாளர் கிளாஸ்ல அப்படி ஒரு மெத்தடே இல்ல மாமா. ஊட்டுங்கிறது ஊழியர் கிளாஸ்ல இருக்கு. சாப்பாட்டுக் கதவு, வர்ற ஆளுக்கு ஊட்டுங்கிறது இருக்கான்னுதான் கேக்கும். உங்ககிட்ட இல்ல. அதான் நின்னுடுது."

"எழுதிச் சேர்த்துடேன்."

"சேர்த்தா எல்லாப் பார்வையாளருக்கும் சேர்ந்துடும். கிளாஸ்ல போட்டா அப்படித்தான். ரொட்டி திணிச்சாரே, அவருக்கும் கதவு திறக்கும்."

நாற்பது குளியலறையை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். அவள் பாவம் சும்மா இருக்கவில்லை. மறுநாளே இன்னொரு வழியோடு வந்தாள். பார்வையாளர் கிளாஸிலிருந்து ஒரு பிள்ளை கிளாஸ் பிரிக்கலாமாம். அப்பனிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும், மேற்கொண்டு பிள்ளை தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வா, உட்கார், போ எல்லாம் அப்படியே இருக்கும், ஊட்டு மட்டும் புதிதாக. அந்தக் கிளாஸில் நான் ஒருவன் மட்டும்.

"எம் புள்ளைக்கு என்கிட்ட இருந்து என்னம்மா வந்துச்சு?"

"முன்கோபம்" என்றாள், யோசிக்கவே இல்லை.

அவளுடைய மேலாளர், இல்லத்தின் கையெழுத்து இல்லாமல் ஓர் எழுத்தை மாற்ற முடியாது என்றார். இல்லத்தில் மேட்ரன் கையெழுத்து போதாது, நிர்வாகக் குழு போட வேண்டும். குழு போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது. அடுத்தது மூன்று மாதம் கழித்து. நான் மனு எழுதிக் கொடுத்தேன். மருமகள்தான் எழுதினாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஓர் எண் கொடுத்தார்கள். எண்ணைச் சாப்பிட முடியுமா.

இல்லத்தில் வியாழக்கிழமை தோறும் எடை பார்ப்பார்கள். முதல் வியாழன் நாற்பத்து மூன்று கிலோ. அடுத்த வியாழன் நாற்பத்தொன்றரை. அதற்கடுத்தது நாற்பது. டாக்டர் வந்து, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடலாம், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனார். குழாய் என்ற வார்த்தையை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சம்பாதித்தவன் நான். அன்றைக்கு அதைக் கேட்க முடியவில்லை.

ஒருநாள் ஃபிளாஸ்கில் கெட்டியாக சூப் ஊற்றிக்கொண்டு போனேன், தோட்டத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று. வாசல் காவலாளி பையைத் திறந்து, மரியாதையாகவே எடுத்து மேசையில் வைத்தான். போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். ஆறிப்போனதை வீட்டில் வந்து நானே குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தேன்.

அன்று யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மருமகள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொன்னேன்.

"என்னை அவ கிளாஸ்ல சேர்த்துடு."

"என்ன மாமா?"

"இல்லத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு கிளாஸ் இருக்குமில்ல. அதுல என்னையும் ஒரு ஆப்ஜெக்டா போட்டுடு. நான் அங்கயே போய் இருந்துடறேன். ஒரே மேசையில உட்காருவோம். யாருக்கும் தெரியாம ஊட்டிக்கிறேன்."

சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கிற நொடியிலேயே ஓடுகிற வேலை ஒன்று இருக்கிறதாம். பெயர், வயது எல்லாவற்றையும் அப்போதே அதன் தலையில் எழுதிவிடும். இல்லவாசி பிறக்கும்போது ஆண் என்றால் கிழக்குப் பிரிவு, பெண் என்றால் மேற்குப் பிரிவு. இரண்டுக்கும் தனித்தனிச் சாப்பாட்டுக் கூடம். எழுதிய பிறகு வெளியிலிருந்து யாரும் மாற்றிவிடாதபடி அதை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. சுவருக்குள் குழாய் மாதிரி. வெளியே தெரிவது திறக்கிற பிடி மட்டும்தான்.

"பூட்டுனது யாரு?"

"நாந்தான் மாமா. அப்படித்தான் செய்யணும்னு சொல்லிக்கொடுத்தாங்க."

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. செருப்போடே வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நீ கேட்டப்ப நான் முழுசா சொல்லல."

"என்ன கேட்டேன்?"

"வர்றவங்க என்ன செய்வாங்கன்னு. நான் தினமும் ஊட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போய்ச் சொல்லிடுவேன்னு மறைச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது மத்தியானம் நான் வந்து பார்த்திருந்தா, உங்ககிட்ட கேக்கவே வேண்டியிருந்திருக்காது" என்றாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து, பூவை மாத்தி வெச்சுட்டுப் போயிடுவேன்."

லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். அந்தப் பிள்ளை கிளாஸை அவள் முன்னமே எழுதிவைத்திருந்தாள். கையெழுத்து வந்தால் உடனே போட்டுவிட. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் அது இங்கிலீஷ். அவள் விரலை வைத்துக் காட்டினாள். இது கிளாஸ் பெயர். இது அப்பன் பெயர். இது ஊட்டு. அதற்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்தது.

"உள்ள ஒண்ணும் எழுதல மாமா. எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

"சொல்லி என்ன, கையெழுத்து வரப்போறதில்ல."

"பரவால்ல. சொல்லுங்க."

அடைப்புக்குறிக்குள் முதலில் ஒரு சின்ன வார்த்தை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். தமிழில் சொன்னால் 'தான்' என்றாள். எந்த மெத்தட் எழுதினாலும் முதலில் அதை எழுத வேண்டுமாம். யார் அந்த வேலையைச் செய்கிறார்களோ அவர்கள்தான் அந்தத் 'தான்'. நீங்கள் செய்தால் நீங்கள், வேறு ஆள் செய்தால் அந்த ஆள். சரி என்றேன்.

சொல்ல ஆரம்பித்தேன். இடது பக்கமாக உட்கார வேண்டும், வலது பக்கம் இருப்பது அவள் கண்ணுக்கு ஏறாது. ஸ்பூனை மேலிருந்து கொண்டுபோகக் கூடாது, அடிக்க வருகிற மாதிரி மிரளுவாள். கீழேயிருந்து கொண்டுபோக வேண்டும். அரை ஸ்பூன். முதல் ஸ்பூன் காலியாக, என் வாய்க்கு. அதை அவள் பார்க்க வேண்டும். அப்புறம் அவளுக்கு எடுத்து, நான் வாயைத் திறக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?"

"அவ திறக்கிற வரைக்கும்."

"அப்படி எழுதினா, திறக்கலேன்னா புரோகிராம் அங்கயே தொங்கிடும் மாமா. ஒரு கணக்கு வேணும்."

"தொங்கட்டும். நான் அப்படித்தான் தொங்கிக்கிட்டு இருந்தேன்."

என்னைப் பார்த்தாள். அப்படியே எழுதினாள்.

வாய்க்குள் போனதும் தொண்டை இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரு தடவை போதாது, பாதி கன்னத்தில் நிற்கும். ஈரத்துணியால் வலது உதட்டோரம் துடைக்க வேண்டும். காய்ந்த துணி பிடிக்காது. அவளாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால் போதும் என்று அர்த்தம். திருப்பாதவரை மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

கதவின் புரோகிராமுக்குள் போகாத அந்த ஒன்றரைப் பக்கத்தை அவள் தமிழில் எழுதி அச்செடுத்துக் கொடுத்தாள். மறுநாள் தோட்டத்து வாசலில் தட்டுக்காரம்மாவைப் பிடித்துக் கையில் வைத்தேன். அவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

"ஏன் பெரியவரே, தினமும் இவ்வளவும் செஞ்சீங்களா? நான் ஏதோ ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்."

பன்னிரண்டரைக்கு நான் சாப்பாட்டுக் கதவின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே நாற்காலி கிடையாது, உட்கார் என்பதற்கு வழியில்லை. உள்ளே தட்டுக்காரம்மா தாளை மடியில் விரித்துக்கொண்டாள். இடது பக்கம் இடம் இல்லாததால் சக்கர நாற்காலியைத் திருப்பிப்போட்டாள். காலி ஸ்பூனைத் தன் வாயில் வைத்தாள். அரை ஸ்பூன் எடுத்தாள். கீழேயிருந்து கொண்டுபோனாள். வாயைத் திறந்தாள். ஓர் எழுத்து விடவில்லை, எல்லாம் சரியாகச் செய்தாள். காத்திருந்தாள்.

என் மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. முதலில் இருந்த அந்தச் சின்ன வார்த்தைதான் வேறு ஆளாக இருந்தது.

தட்டுக்காரம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாளைக் குனிந்து பார்த்தபோது அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்ததால் என் மனைவியின் இடது கண் நேராகக் கதவுக்கு வந்தது. கண்ணாடியில் என் மூஞ்சி இருந்தது. பார்த்தாளா, பார்க்கவில்லையா, அது எனக்குத் தெரியாது. நான் என் பாட்டுக்கு வாயைத் திறந்தேன்.

திறந்தபடியே நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ நடந்துபோனார்கள். எழுபத்தொரு வயதுக் கிழவன் மூடின கதவைப் பார்த்து ஆவென்று நிற்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் வாய் திறந்தது.

தட்டுக்காரம்மாவுக்கு நான் செய்தது தெரியாது, தாள்தான் வேலை செய்கிறது என்று நினைத்திருப்பாள். சட்டென்று ஊட்டினாள். தொண்டை ஏறி இறங்கியது, ஒன்று, இரண்டு. ஈரத்துணி. நான் மறுபடி திறந்தேன். அவளும் திறந்தாள். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிற்று, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது. நான்காவது உள்ளே போனதும் இன்னொரு தட்டு வண்டி வந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்து எடுத்து வைத்தான். நான் கண்ணாடியைத் தட்டினேன். கனமான கண்ணாடி, உள்ளே கேட்கவில்லை. வண்டி நகர்ந்தபோது அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. முகத்தைத் திருப்பினால் நிறுத்த வேண்டும் என்று நான்தானே சொல்லி எழுத வைத்தேன். தட்டுக்காரம்மா தாளின் சொல்படி தட்டை மூடிவைத்தாள்.

ஒரு மணிக்குக் கழுத்தில் இருந்த அட்டை கிர்ரென்று நடுங்கியது. பார்வை நேரம் முடிந்தால் அப்படி நடுங்கும். மூன்றாவது மெத்தட்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் கதவைத் திறந்தாள். வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை மாமா?"

"நாலு. நான் கண்ணாடிக்கு வெளியில நின்னு வாயைத் திறந்தேன், அப்புறம் தட்டு வண்டிக்காரன் வந்து மறைச்சுட்டான்."

இருபதுக்கு இன்னும் எத்தனை என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து என் முன்னால் வைத்தாள். எனக்கு வாய் வலித்தது.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். "அந்த வண்டிக்காரரைப் பிடிச்சு நிறுத்துறேன்."

"நீயும் பார்வையாளர்தானே. வெளியிலதான் நிக்கணும்."

"நிக்கிறேன்."

மறுநாள் வியாழக்கிழமை, எடை பார்க்கிற நாள்.